கூடா நட்பு, கூடா ஒழுக்கம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு போன். எங்கள் மென்பொருளை வாங்கிய ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. நாங்கள் அனுப்பியதை அப்போதுதான் போட்டு ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

"சார், என்னமோ ஜிலிப்சி 2.34 இல்லைங்குது சார். அது எங்க கிடைக்கும்?"

"அது தனியா கிடைக்கிற சாமான் இல்ல தம்பி. லினக்ஸோட அடிமடியில இருக்கிற லைப்ரரி. உங்க மெஷின்ல என்ன உபுண்டு?"

"இருபது பாயின்ட் நாலு சார்."

தப்பு என்மேல்தான். என் மேஜையில் இருப்பது உபுண்டு 22.04. அதில் ஜிலிப்சி 2.35. அங்கேயே கம்பைல் செய்தேன், அங்கேயே ஓட்டினேன், ஓடியது, பூரித்துப்போய் அனுப்பிவிட்டேன். அவர்களிடம் இருப்பது 2.31. பழைய மெஷினில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இது தெரியாதா? தெரியும். சமையல்காரனுக்கு உப்பு தெரியாதா, ஆனாலும் ஒரு நாள் மறக்கும்.

திங்கட்கிழமை சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். அந்தச் சனி, ஞாயிறில் ஏறிய கோபம்தான் இது. என் மறதிமேல் இருந்த பங்கு ஞாயிறு காலைக்குள் தீர்ந்துவிட்டது. மிச்சம் வேறு ஆட்களுக்குச் சேர வேண்டியது.

எழுதிய நிரலை நாலு பேர் மெஷினில் ஓடவைக்க, எந்தக் கம்பைலர், அதில் எந்த வெர்ஷன், எந்த லிங்கர், எந்த லைப்ரரி என்று ஒரு கூட்டணி அமைக்க வேண்டும். அதற்கு டூல்செயின் என்று பெயர். செயின் என்றால் சங்கிலி. பெயர் வைத்தவன் யோக்கியன், எதையும் ஒளிக்கவில்லை. இந்தச் சங்கிலியை நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்று மேடைபோட்டுப் பேசுகிறார்கள். தேவைகளை எழுதுங்கள், சாதக பாதகங்களுக்கு அட்டவணை போடுங்கள், தேர்ந்தெடுங்கள். கிராபிக்ஸ் கார்டைத் தொடாத மென்பொருளுக்கு இது ஓரளவு உண்மை. ஜிபியு வந்து நடுவீட்டில் உட்கார்ந்த பிறகு உங்களுக்கு ஜாதகம் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

என்விடியாவின் என்விசிசியைக் கம்பைலர் என்கிறோம். அது தரகர். ஒரே கோப்பில் நீங்கள் எழுதியதைக் கூறுபோட்டு, சிபியுவுக்கான பங்கை உங்கள் வீட்டுக் கம்பைலரிடம் தள்ளிவிட்டு, ஜிபியுவுக்கான பங்கைத் தன் ஆட்களிடம் கொடுத்து, கடைசியில் இரண்டுக்கும் முடிச்சுப் போடும். லினக்ஸில் ஜிசிசியும் கிளாங்கும் சம்மதம். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் கம்பைலர் ஒன்றுதான், வேறு வரனே பார்ப்பதில்லை. விண்டோஸில் ஜிசிசியை ஓட்டும் மின்ஜிடபிள்யூவை நம்பிப் பிழைப்பவர்கள் பந்தலுக்கு வெளியே நிற்கலாம்.

தரகர் வயது பார்ப்பார், அதுவும் தலைகீழாக. கம்பைலர் இளமையாக இருந்தால் ஆகாது. ஜிபியுவுக்கு நிரல் எழுத என்விடியா தரும் தொகுப்பின் பெயர் கூடா. அதில் 10.2-க்கு ஜிசிசி 8 வரைதான். 2020 ஏப்ரலில் வந்த உபுண்டு 20.04-ல் இருந்தது ஜிசிசி 9. ஓர் எண் கூடிவிட்டது, நடை சாத்தியாகிவிட்டது. 'ஆதரவில்லாத குனூ வெர்ஷன்' என்று ஒரு வரி, பக்கத்தில் ஆச்சரியக்குறி. ஆச்சரியப்பட வேண்டியவன் நான் அல்லவா? அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால், ஒரு ஹெடர் கோப்பில் ஓர் எண்ணை இன்னோர் எண்ணோடு ஒப்பிடும் ஒற்றை நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது. அதை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சில சமயம் ஓடும். ஓடாத சமயம் எந்த டெம்ப்ளேட்டின் எந்த மூலையில் உடைந்தது என்று மூன்று நாள் தேடலாம். பிற்பாடு கம்பெனியே ஓர் ஆப்ஷன் கொடுத்தது: 'ஆதரவில்லாத கம்பைலரை அனுமதி'. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவார்களே, அந்தக் காகிதம்.

இப்படியாகத்தானே கார்டு, டிரைவர், கூடா, ஜிசிசி, ஜிலிப்சி என்று பொருத்தம் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பத்தில் ஒன்பது இருந்தாலும் ரஜ்ஜு தட்டினால் கல்யாணம் இல்லை என்பார்கள். இங்கே ரஜ்ஜு என்பது டிரைவர்.

கூடா என்ற பெயரைக் கவனித்தீர்களா? ஆங்கிலத்தில் அது ஒரு நீண்ட பெயரின் சுருக்கம். போலிஷ் மொழியில் அதே சொல்லுக்கு அற்புதங்கள் என்று பொருள். தமிழில் எழுதினால் கூடா. திருக்குறளில் இரண்டு அதிகாரங்களின் பெயர்கள் இந்தச் சொல்லோடு தொடங்குகின்றன: 28-வது கூடா ஒழுக்கம், 83-வது கூடா நட்பு. வேறெந்த மொழிக்காரனுக்கும் இந்தக் கம்பெனியைப் பற்றி இவ்வளவு முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்ததில்லை. நாம்தான் ஒப்பித்து மார்க் வாங்கிவிட்டு மறந்துபோனோம்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 2007-ல் கூடா வெளிவந்தபோது, காசுள்ள ஆய்வகத்துக்கு மட்டும் என்று வைக்கவில்லை. வீடியோ கேம் ஆட வாங்கிய கார்டிலும் ஓடியது. மாணவன் விடுதி அறையில் கற்றுக்கொண்டான். அதிலும் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது: கார்டின் சொந்த இயந்திர மொழிக்கு முன்னால் பிடிஎக்ஸ் என்ற ஓர் இடைமொழி. இன்று அனுப்பும் மென்பொருளில் அதைச் சேர்த்து வைத்தால், நாளைக்கு வரப்போகும் கார்டிலும் டிரைவர் அதை மொழிபெயர்த்து ஓட்டிவிடும். மென்பொருளை விநியோகம் செய்பவனின் கஷ்டத்தை யோசித்தவர்கள் செய்த வேலை அது. ஆவணங்கள் நன்றாக இருந்தன. லைப்ரரிகள் ஓடின. போட்டியாளர்கள் அறிக்கை விட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் வேலை செய்தார்கள். கூடா நட்பு எப்போதும் இப்படித்தான் ஆரம்பிக்கும். முதல் சந்திப்பிலேயே அறைபவனோடு யார் நட்பு வைப்பார்கள்?

அப்புறம் லைசன்ஸ் வந்தது. வீடியோ கேம் ஆட விற்கும் ஜிஃபோர்ஸ் கார்டுகளுக்கான டிரைவரின் உரிமத்தில், 2018 தொடங்கும் நேரத்தில் உலகம் ஒரு வாசகத்தைக் கண்டுபிடித்தது: டேட்டா சென்டரில் இதை நிறுவக் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு, பிளாக்செயின் வேலைக்கு மட்டும் நிறுவலாம். காசு கொடுத்து வாங்கிய கார்டு, என் மின்சாரம், என் அலமாரி. அதில் அரிசி வைக்கக் கூடாதாம், சீட்டுக்கட்டு வைக்கலாமாம்.

இன்னொன்று 2024-ல் செய்தியானது. கூடா உரிமத்தில் ஒரு விதி: இந்தக் கருவிகள் உண்டாக்கிய வெளியீட்டை, வேறு கம்பெனி கார்டுக்கு மொழிபெயர்க்கும் நோக்கத்தில் பிரித்துப் பார்க்கக் கூடாது. நிரல் நான் எழுதியது. வெளியீடு அதிலிருந்து வந்தது. மாவு மில்லுக்கு நம் அரிசியைக் கொண்டுபோய் அரைத்துக் கூலியும் கொடுத்துவிட்டு வரும்போது, மில்காரர் பின்னாலேயே ஓடிவந்து "இந்த மாவை எங்க கடைத் தோசைக்கல்லுல மட்டும்தான் ஊத்தணும், பக்கத்து வீட்டுக் கல்லுல ஊத்த முடியுமான்னு மாவைக் கிளறிப் பாக்கக் கூடாது" என்றால், நம் ஊர்ப் பெண்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பதை இங்கே அச்சிட முடியாது. நாங்கள் பொறியாளர்கள். 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தினோம். முழுசாகப் படிக்காமலே அழுத்தினோம்.

பக்கத்து வீட்டுக் கல்லில் ஊற்றிப் பார்த்த ஒரு திட்டமும் இருந்தது. ஸ்லூடா என்று பெயர். போலிஷில் மாயை என்று அர்த்தம். அற்புதத்துக்கு எதிரே மாயை, நல்ல பெயர்ப் பொருத்தம். கூடாவுக்காகக் கட்டிய மென்பொருளை மாற்றமே இல்லாமல் மற்றக் கார்டுகளில் ஓட்டிக்காட்டியது. ஒரு தனி நிரலாளரின் உழைப்பு. முதலில் இன்டெல் பார்த்துவிட்டுக் கைவிட்டது. பிறகு ஏஎம்டி காசு கொடுத்தது, பிறகு அதுவும் நிறுத்தியது. 2024 பிப்ரவரியில் மூலநிரல் வெளியானது. ஆகஸ்டில் ஏஎம்டி தரப்பிலிருந்து, வெளியிடலாம் என்று முன்பு மின்னஞ்சலில் சொன்னது சட்டப்படி எங்களைக் கட்டுப்படுத்தாது என்று தகவல் வந்தது. அந்த நிரலை இறக்க வேண்டியதாயிற்று. என்விடியாவின் சுவரில் ஏணி வைத்தவனை இறக்கிவிட்டது என்விடியா இல்லை, சுவரால் நஷ்டப்படும் கம்பெனி! இதற்கு மேலே நான் அங்கதம் எழுத என்ன இருக்கிறது?

சரி, ஏஎம்டி வீட்டுக்கே போய்ப் பார்ப்போம். 2016 முதல் கூடாவுக்குப் பதிலாக ஆர்ஓசிஎம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். திறந்த மூலம், மனசு குளிர்கிறது. ஆனால் அதிகாரப்பூர்வமாக ஆதரவுள்ள கார்டுகளின் பட்டியல் மெலிந்தது. கடையில் வாங்கி வந்த கார்டு அந்தப் பட்டியலில் இல்லையென்றால், ஒரு சூழல் மாறியில் வேறொரு கார்டின் எண்ணை எழுதி, 'நான்தான் அவன்' என்று பொய் சொல்ல வைக்கிறார்கள் பயனர்கள். அடுத்த வீட்டு ரேஷன் கார்டைக் காட்டி சர்க்கரை வாங்குவது. சர்க்கரை கிடைத்துவிடும், அது வேறு விஷயம். இதை எந்த முகத்தோடு ஒரு கிளையன்டுக்கு எழுதித் தருவது? 'ஐயா, நிறுவிய பின் உங்கள் கார்டைப் பொய் சொல்லச் சொல்லவும்.' பிடிஎக்ஸ் போல நிலைத்த இடைமொழியும் இங்கே வெகுகாலம் இல்லாததால், ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனி இயந்திர நிரலைக் கட்டிச் சேர்க்க வேண்டும்.

இனி கூடா ஒழுக்கம். காவி கட்டிய கதை.

ஓப்பன்சிஎல் என்பது எல்லாக் கார்டுக்கும் பொதுவான மொழி. முன்மொழிந்தது ஆப்பிள். குரோனோஸ் என்ற பொது அமைப்பின் பெயரில் 2008 டிசம்பரில் முதல் வெர்ஷன் வந்தது. ஒரு கம்பெனியின் பிடியில் சிக்காத திறந்த தரம் என்று தாரை தப்பட்டை. 2014-ல் ஆப்பிள் தனக்கென்று மெட்டல் என்று ஒன்று செய்தது. 2018-ல், பெற்ற பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்போது, ஓப்பன்சிஎல் இனி வழக்கொழிந்தது என்று அறிவித்தது. பிள்ளையை நம்பி வீடு கட்டியவர்கள் நடுத்தெருவில். சரி, ஆப்பிள் கம்ப்யூட்டரில் கூடா? 2019-ல் வந்த 10.2-தான் கடைசி.

மற்ற பெரிய மனிதர்களும் குறைந்தவர்கள் இல்லை. ஜிபியுவுக்கு நிரல் எழுத மைக்ரோசாஃப்ட் 2012-ல் சி++ ஏஎம்பி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. விஷுவல் ஸ்டுடியோ 2022-ல் அதற்கும் 'வழக்கொழிந்தது' முத்திரை. ஓப்பன்சிஎல் 2.0-ன் வசதிகளைப் பல கம்பெனிகள் செய்து கொடுக்கவில்லை. என்விடியா வருடக்கணக்கில் 1.2-லேயே நின்றது. இதற்குக் குரோனோஸ் கண்ட தீர்வு என்ன? 2020-ல் 3.0 என்று ஒன்று வெளியிட்டு, 1.2-க்குப் பிறகு வந்ததெல்லாம் விருப்பப்பட்டால் செய்யலாம் என்று அறிவித்தது. 1.2-ல் நின்றவர்கள் ஒரே தாவலில் 3.0. பெயிலான பையனைப் பாஸாக்க மார்க்கைக் கூட்டவில்லை, பாடத்தைக் குறைத்துவிட்டார்கள். அந்த அமைப்பின் தலைவராகப் பல வருடம் இருந்தவர் நீல் ட்ரெவெட், என்விடியாவின் துணைத்தலைவர்களில் ஒருவர். தனிமனிதரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் அந்தத் தரங்களுக்காக உழைத்தவர். ஆனால் ஆட்டோ ஸ்டாண்டு சங்கத்துக்குக் கால் டாக்ஸி கம்பெனியின் துணைத்தலைவர் தலைவராக இருந்தால், நம் ஊரில் டீக்கடையில் என்ன பேசுவார்கள்? அந்த அளவுக்குக்கூட நாங்கள் பேசவில்லை.

சிக்கல் என்று இன்னொரு பொதுமொழி உண்டு. எஸ்ஒய்சிஎல் என்று எழுதி சிக்கல் என்று வாசிக்கிறார்கள். நானாக வைத்த பெயரில்லை, அவர்கள் உச்சரிப்பே ஏறக்குறைய அதுதான். அதற்கு ஒரு கம்பைலர் செய்துவந்த கம்பெனியை 2022-ல் இன்டெல் வாங்கியது, அடுத்த வருடமே அந்தக் கம்பைலர் நிறுத்தப்பட்டது. இன்னொரு நல்ல திறந்த மூலக் கம்பைலர், 2023 என்ற ஒரே வருடத்தில் இரண்டு முறை பெயர் மாற்றிக்கொண்டது. ஆவணத்தில் ஒரு பெயர், கட்டளையில் ஒரு பெயர், நிறுவும் கோப்புறையில் இன்னொரு பெயர். இதை நம்பி ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் போடு என்கிறார்கள்.

இத்தனைக்கும் விலை கொடுப்பது யார்? பிளெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் முப்பரிமாண மென்பொருள், திறந்த மூலம், பெரும்பகுதி நன்கொடையில் ஓடுவது. அதன் சைக்கிள்ஸ் என்ற ரெண்டரர் ஒருகாலத்தில் ஓப்பன்சிஎல்லை நம்பியிருந்தது. 2021 டிசம்பரில் 3.0 வந்தபோது அதைத் தூக்கி எறிந்தார்கள். எறிந்தபின் என்விடியாவுக்கு கூடா, ஏஎம்டிக்கு ஹிப், ஆப்பிளுக்கு மெட்டல், இன்டெல்லுக்கு ஒன்ஏபிஐ. நாலு பணக்காரர்கள் ஒரே பந்தியில் உட்கார மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதற்காக, அன்னதானம் போடுகிறவன் நாலு அடுப்பு மூட்டுகிறான். விறகும் அவன் செலவு. அந்த நாலு பேரில் ஒரு கம்பெனி 2025 அக்டோபரில் 5 லட்சம் கோடி டாலர் சந்தை மதிப்பைத் தொட்டது. அதன் பெயரில் ஒளிந்திருக்கும் லத்தீன் சொல்லுக்குப் பொறாமை என்று பொருள்.

அப்புறம் உடம்பு. எந்த வீட்டில் எந்தக் கார்டு இருக்குமோ தெரியாதே, அதனால் ஒவ்வொரு தலைமுறைக் கார்டுக்கும் ஒரு பிரதி என்று ஒரே கோப்பில் திணிப்பார்கள். ஃபேட் பைனரி, கொழுத்த பைனரி, அதுதான் அதிகாரப்பூர்வப் பெயரே. பைதான் பொதிகளின் பொதுக்கிடங்கில் ஒரு கோப்புக்கு வழக்கமான வரம்பு 100 எம்பி. செயற்கை அறிவு வேலைக்கான பைடார்ச் லைப்ரரியின் கூடா பொதி அதைப்போலப் பல மடங்கு. கூடவரும் லைப்ரரிகளையும் சேர்த்தால் 2 ஜிபிக்கு மேல். தினம் 1.5 ஜிபி டேட்டா பேக்கில், போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் படிக்கும் பிள்ளை, ஒரே ஒரு இன்ஸ்டால் கட்டளைக்கு ஒன்றரை நாள் டேட்டாவைக் கொடுக்க வேண்டும். நடுவில் அறுந்தால் அந்தக் கோப்பு முதலிலிருந்து என்பதுதான் வெகுகாலம் நடைமுறை. அந்தக் கோப்பில் அவள் கார்டுக்கானது ஒரு துண்டுதான்; மீதியெல்லாம் அவள் கண்ணிலேயே காணாத கார்டுகளுக்கு.

இந்தக் கொழுத்த உடம்பைக் கட்டியது எதன்மேல் தெரியுமா? எல்லா லினக்ஸிலும் ஓட வேண்டும் என்றால் இருப்பதில் பழசின்மேல் கட்ட வேண்டும், நான் வெள்ளிக்கிழமை மறந்த அதே விதி. ஆகவே பைதான் உலகத்தில் வெகுகாலம் ஆண்ட கட்டுமானத் தளம், 2014-ல் வந்த சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸை அளவாக வைத்தது. அந்த சென்ட்ஓஎஸ்ஸுக்கு 2024 ஜூன் 30-ல் காரியமே முடிந்துவிட்டது. 2015-ல் ஜிசிசி 5, சி++-ல் எழுத்துச் சரங்களின் உள்ளமைப்பை மாற்றியது. பைடார்ச்சின் லினக்ஸ் பொதிகள் அந்தப் புது அமைப்புக்கு வந்துசேர 2025 ஆயிற்று. மனித மூளையையே மிஞ்சப்போகிறது என்று மேடையில் சொல்லப்படும் சாமான், கீழே ஒரு சரத்தை எப்படிச் சேமிப்பது என்ற விஷயத்தில் பத்து வருடம் பழைய வீட்டைக் காலிசெய்ய முடியாமல் கிடந்தது. இதற்குக் குற்றவாளி என்று யாரையும் கைகாட்ட முடியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நம் அரசுக்கும் ஒரு வார்த்தை. இந்திய செயற்கை அறிவுத் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் அமைச்சரவை 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் கொடுத்தது. இலக்கு 10,000-க்கும் அதிகமான ஜிபியுக்கள். எண்ணிக்கை சொல்லும் தலைப்புச் செய்திகளை நிறையப் பார்த்தேன். அந்த ஜிபியுக்களுக்கு எழுதப்படும் நிரல் யார் வீட்டுத் தோசைக்கல்லுக்கு மட்டும் பொருந்தும் என்று கேட்ட தலைப்பு என் கண்ணில் படவில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. சென்ட்ஓஎஸ்ஸின் வாரிசான அல்மாலினக்ஸ் 8-ஐ ஒரு கன்டெய்னரில் இறக்கினேன். அதில் ஜிலிப்சி 2.28, தம்பியின் மெஷினுக்குத் தாராளம். கூடா 13-க்குப் போகவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த அது, 2016-ல் விற்ற பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளைக் கம்பைல் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது, நம் ஊர் மெஷின்களில் அந்தக் கார்டுகள் இன்னும் உழைக்கின்றன. 12.9 என்ற படியில் நின்றால் அந்தப் பழசுக்கும் இன்றைய புதுசுக்கும் சேர்த்துச் சோறு போடலாம். ரன்டைம் லைப்ரரியை ஸ்டாட்டிக்காக உள்ளே சேர்த்தேன். சி++ லைப்ரரியையும் சேர்த்தேன். எந்த வெளி லைப்ரரியையும் கேட்டுத் தொல்லைப்படுத்தாத அளவுக்குத் திணித்துத் திணித்து, கோப்பு 1.4 ஜிபி ஆயிற்று. ஸ்கேன் சென்டரின் இணையத்துக்கு அது ஆகாது. பென் டிரைவில் போட்டு, பஸ் பார்சலில் அனுப்பினேன். ஜிபியு வேகத்துக்காக எழுதிய மென்பொருள், ராத்திரி முழுக்க பஸ்ஸின் வயிற்றில் போயிற்று.

செவ்வாய் மதியம் போன்.

"சார், ஜிலிப்சி பிரச்சனை போயிடுச்சு சார். சூப்பர்."

"அப்பாடா."

"இப்ப டிரைவர் வெர்ஷன் பத்தாதுங்குது சார்."

ரஜ்ஜு.

"டிரைவரைப் புதுசு போட்டுடுங்க தம்பி. பத்து நிமிஷ வேலை."

"போட முடியாது சார். ஸ்கேன் மெஷின் குடுத்தவங்க, டிரைவரைத் தொட்டாலே வாரண்டி போயிடும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல சார்," என்றார் தம்பி. "நீங்கள்லாம் படிச்சுட்டா சார் போடுவீங்க?"